ஈரோட்டு வாரப் பத்திரிகையும் அதோட எழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம். 'குடி அரசு' வாரப் பத்திரிகை 1925 மே 2ஆம் தேதி ஈரோட்டுல ஆரம்பிச்சது. நடத்துனவர் பெரியார், திறந்து வெச்சவர் யார்னா ஒரு சைவ மடத்துத் தலைவர், திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள்.

அதுல வந்த தலையங்கங்களப் பத்தி நிறையப் பேர் பேசிட்டாங்க, நான் ரொம்ப நாளா விரும்பிப் பேசுறது அதோட அச்செழுத்தப் பத்திதான். ரேடியோல எழுதிக் காட்ட முடியாது, ஆனா வீட்ல பெரியவங்க இருந்தா கேளுங்க, தும்பிக்கை வெச்ச 'லை' எழுதுவோமேன்னு உடனே சொல்வாங்க. அந்தக் காலத்துல ஐகாரத்துக்கு யானைத் தும்பிக்கை மாதிரி வளைச்சுப் போட்ட குறி அது. கை, மைக்கெல்லாம் இன்னைக்கு மாதிரிதான், ணை லை ளை னை நாலுக்கு மட்டும் தும்பிக்கை. ணா, றா, னாவுக்கு கால் கிடையாது, எழுத்தையே சுழிச்சு விடணும். அந்த மூணோட ஒகர ஓகாரமும், ணொ ணோ மாதிரி, சேத்தா மொத்தம் 13 எழுத்து.

இது பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு மட்டும் கஷ்டம் இல்லங்க. அச்சாபீஸ்ல எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் நின்னுக்கிட்டே ஒவ்வொரு ஈய எழுத்தா, அதுவும் இடவலம் மாறித் தெரியுற எழுத்தா, கேஸுங்கிற அறையறையாப் பிரிச்ச பெட்டியில இருந்து எடுத்து, ஸ்டிக்குங்கிற சின்னக் கைத்தட்டுல கோர்க்கணும். தும்பிக்கை லைக்குன்னு தனி அச்சு, தனி அறை, அது தீர்ந்துபோச்சுன்னா வேலை அங்கேயே நின்னுடும். கைக்கு முன்னாடி வர்ற குறியவே லைக்கும் போட்டா? அவ்ளோதாங்க விஷயம். 1935 ஜனவரில 'குடி அரசு' அதச் செஞ்சு காட்டுச்சு. சொன்னதோட நிக்கல, வாராவாரம் அந்த எழுத்துலயே அச்சடிச்சு ஜனங்க கையில குடுத்துச்சு, எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. தமிழ்நாடு அரசு இத ஏத்துக்கிட்டது 1978லதான். இன்னைக்கு உங்க போன்ல தட்டுற லை, ஈரோட்டுல ஒரு வாரப் பத்திரிகை 1935லயே அச்சடிச்ச லைதாங்க.

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, 1933 வழக்க விரிவா சொல்லணும்னு இருந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். அந்த அக்டோபர்ல வந்த ஒரு தலையங்கத்துக்காக ராஜ துரோக வழக்கு, எழுதின பெரியாரோட, வெளியிட்டவங்கன்னு அவர் தங்கச்சி கண்ணம்மாளும் ஜெயிலுக்குப் போனாங்க. 'குடி அரசு' நின்னப்போ 'புரட்சி'ன்னு ஒண்ணு, அப்புறம் 'பகுத்தறிவு'ன்னு ஒண்ணு வந்துச்சு, 35ல மறுபடியும் 'குடி அரசு'. 1949 வரைக்கும் வந்துச்சு. பழைய இதழ்கள் தொகுப்பா இருக்கு, கண்ணம்மாள் பேரையும் அதுல தேடிப் பாருங்க. நன்றி, வணக்கம்.