ஹனிபெரி நீலமா இருக்கு, ஆனா புளிக்குதே?

அடுத்த கேள்வி ஹனிபெரி பத்தி, குளிர் ஊர்ல வளர்ற, நீலப் பழம் தர்ற புதர்ச் செடி அது. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "ஹனிபெரி செடி ஒண்ணு வெச்சு மூணு வருஷம் ஆச்சு. பூ நிறைய வருது, ஆனா காய் கொஞ்சம்தான் நிக்குது. நல்லா நீலமானதும் பறிச்சா வாயில வைக்க முடியல, அவ்வளவு புளிப்பு. செடியைப் பிடுங்கிடவா?"

தயவுசெஞ்சு பிடுங்காதீங்கம்மா. செடி மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்க பறிக்கிறது பழம் இல்ல, காய். ஹனிபெரில தோல் முதல்லயே நீலமாயிடும், இனிப்பு அப்புறம்தான் ஏறும். நீலமான பிறகு இன்னும் ரெண்டு மூணு வாரம் செடியிலேயே விடணும். ஒண்ணைப் பறிச்சு ரெண்டா நறுக்கிப் பாருங்க. உள்ள பச்சையா இருந்தா இன்னும் ஆகல. நடுவரைக்கும் கருஞ்சிவப்பா இருந்தாதான் பழம். அப்பகூட லேசா ஒரு புளிப்பு இருக்கும், அது அதோட குணம். ப்ளூபெரியும் ராஸ்பெரியும் கலந்த மாதிரி ஒரு ருசி வரும். தோல் நாக்குலயே கரைஞ்சிடும், விதை இருக்கிறதே தெரியாது.

ஆனா காத்திருக்கணும்னா வலை வேணும். ப்ளூபெரி மாதிரி மத்த பெரிப் பழமெல்லாம் பழுக்கிறதுக்கு முன்னாடியே, சில இடத்துல ஸ்ட்ராபெரிக்கும் முன்னாடியே இது வந்துடும். பறவைங்களுக்கு அப்ப வேற பழம் ஏது? நீலம் தட்ட ஆரம்பிச்ச அன்னைக்கே வலையைப் போட்டுடுங்க. பறிக்கும்போது கிளையைத் தூக்கிப் பாருங்க, பாதிப் பழம் இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்.

இப்ப காய் ஏன் நிக்கலைன்னு பாப்போம். ஒத்தைச் செடி வெச்சிருக்கேன்னு சொல்றீங்க, காரணம் அதுதான். தன்னோட மகரந்தத்துல இது சரியா காய் பிடிக்காது. சரி, அதே ரகத்துல இன்னொண்ணு வாங்கிடலாம்னு போயிடாதீங்க. ஒரே ரகம்னா எல்லாமே ஒரு தாய்ச்செடியோட குச்சியில இருந்து வந்தது, அது ரெண்டாவது செடின்னு கணக்கே இல்ல. வேற ரகமா இருக்கணும், நெருங்குன சொந்தமாவும் இருக்கக்கூடாது, ரெண்டும் ஒரே சமயத்துல பூக்கணும். கனடாவுல சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துல உருவாக்குன டண்ட்ரா, போரியாலிஸ்ங்கிற ரகம் ரெண்டுல ஏதாவது உங்ககிட்ட இருந்தா, பக்கத்துல ஆரோராங்கிற ரகத்தை வைங்க. அதுங்களுக்கு நல்ல ஜோடி. பூ மைனஸ் 7 டிகிரி வரைக்கும் தாங்கும், அதனால பனி விழுந்துச்சேன்னு பயப்பட வேண்டாம். அந்தக் குளிர்லயும் பம்பிள்பீ வண்டு வந்து வேலை செய்யும். பூ இருக்கிற நாள்ல மட்டும் பூச்சி மருந்து பக்கமே போகாதீங்க.

கோடை நடுவுல இலை காய்ஞ்ச மாதிரி பழுப்பாகும், அதுக்கும் கவலைப்படாதீங்க. வேர் மேலாப்லதான் ஓடும், காய்ஞ்ச இலை, வைக்கோல்னு மண்ணு மேல மூடாக்கு போட்டு ஈரம் காயாம பாத்துக்கிட்டா போதும். கத்தரிக்கோல் இப்போதைக்கு வேண்டாம். போன வருஷம் வளர்ந்த கிளையிலதான் காய் வரும், அதை வெட்டினா காயையும் சேத்து வெட்டுறீங்க. செடி நல்லா பெருசானப்புறம், குளிர் முடியுற நேரத்துல பழைய தடிக் கிளையை மட்டும் எடுங்க.

இது பனி ஊருச் செடி, மைனஸ் 40 டிகிரியிலயும் பிழைக்கும். குளிரே இல்லாத இடத்துல வெச்சா பழத்துக்கு ஆசைப்பட முடியாது, அதையும் சொல்லிடறேன்.

முக்கியமா, குழந்தைங்க இருக்கிற வீடுன்னா இதைக் கேளுங்க. ஹனிபெரி, ஹனிசக்கிள்ங்கிற கொடி, புதர்ச் செடிங்களோட இனத்தைச் சேர்ந்தது. அழகுக்கு வளர்க்கிற ஹனிசக்கிள்ல சிவப்பு, கருப்புன்னு பழம் தொங்கும். அதுல பல ரகம் நஞ்சு. என்ன ரகம்னு பேர் தெரிஞ்சு வாங்கின ஹனிபெரியைத் தவிர வேற எதையும் வாயில வைக்க விடாதீங்க.

அந்தப் புளிச்ச பழத்தைக் கொட்டிடாதீங்கம்மா, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போட்டு ஜாம் பண்ணுங்க, நிறம் அருமையா வரும். மிச்சம் செடியில இருக்கிறதைத் தொடாம விட்டு, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணை நறுக்கிப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க.