மாமன்னரின் இசைவும் அமைச்சரின் அறிவிப்பும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். 2021-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று, ஏழு மாதங்களாகக் கூடாதிருந்த மலேசிய மக்களவை மீண்டும் கூடியபோது, கோவிட் பெருந்தொற்றையொட்டிப் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலச் சட்டங்கள் அனைத்தையும் அரசாங்கம் ஜூலை 21-ஆம் தேதியே இரத்துச் செய்துவிட்டதாகச் சட்டத்துறை அமைச்சர் தக்கியுடின் ஹசான் அறிவித்தார். கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்சிலும் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கு அந்தச் சட்டங்கள் ஏட்டில் கிடந்த எழுத்துகள் அல்ல. கட்டுப்பாட்டை மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் என்ற அச்சம் அவற்றிலிருந்தே வந்தது.

மூன்று நாள் கழித்து மாமன்னரின் அரண்மனையான இஸ்தானா நெகாரா ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த இரத்துக்கு அன்றைய மாமன்னர் அல்-சுல்தான் அப்துல்லா இசைவளிக்கவில்லை என்றும், ஜூலை 24-ஆம் தேதி அமைச்சரிடமும் சட்டத்துறைத் தலைவரிடமும் இதை நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிக்கும்படி அவர் கூறியிருந்தார் என்றும் அது தெரிவித்தது. அரண்மனை தன் வருத்தத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது நம் நாட்டில் மிக அரிது. அன்றைய செய்தியை நான் இரண்டு முறை கேட்ட பிறகே நம்பினேன்.

அரசியலமைப்பின் 40-ஆவது விதிப்படி மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்றே நடக்க வேண்டும் என்று பிரதமர் முஹிடின் யாசினின் அலுவலகம் பதிலளித்தது. அந்த விதி அப்படித்தான் சொல்கிறது. பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றத்தைக் கலைக்க மறுப்பது போன்ற சிலவற்றில்தான் மாமன்னருக்குத் தம் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை தெளிவாகத் தரப்பட்டுள்ளது. ஆனால், அவசரகாலச் சட்டங்களை நாடாளுமன்றத்தின் ஈரவைகளின் முன்னும் வைக்க வேண்டும் என்று 150-ஆவது விதி சொல்வதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆலோசனையை ஏற்கக் கடமைப்பட்டவர் மன்னர் என்பதாலேயே, அவருடைய இசைவு வந்து சேரும் முன் காரியம் முடிந்துவிட்டதாக அவையில் அறிவிக்கும் உரிமை அமைச்சருக்கு வந்துவிடாது என்பதே என் உறுதியான கருத்து. மாமன்னர் அன்று தமக்கென்று எந்த அதிகாரத்தையும் கேட்கவில்லை. நாம் தேர்ந்தெடுத்தவர்கள் பேசட்டும் என்றுதான் கேட்டார்.

அவையோ பேசவில்லை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி அமர்வு தள்ளிவைக்கப்பட்டது. டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் திரண்டு நாடாளுமன்றத்தை நோக்கி நடக்க முயன்ற எதிர்க்கட்சி உறுப்பினர்களைக் காவல்துறை தடுத்தது. பெரும்பான்மையை இழந்த பிரதமர் ஆகஸ்ட் 16-இல் பதவி விலகினார். அடுத்த பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் காலத்தில், அக்டோபர் மாதம், அந்தச் சட்டங்களை இரத்துச் செய்யும் தீர்மானம் மக்களவையின் முன் வந்து நிறைவேறியது.