கட்டுநாயக்கவுக்குப் போன புட்டுப்பானை

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கிளிநொச்சியில், எங்கள் வீட்டுக் குசினியில் நின்று கதைக்கிறேன். கையில் இருப்பது அம்மாவின் புட்டுப்பானை, அலுமினியம். மற்றக் கையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம். பானையின் அடியில் வைக்கிறேன், பாருங்கள்... விழுந்துவிட்டது. போன கிழமை புறப்பட முதல் இதைச் செய்து பார்த்திருந்தால் அன்றைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டிருப்போம்.

தம்பி கனடாவுக்குப் படிக்கப் போகிறான் என்று முந்தின வீடியோவில் சொன்னேன்தானே. வன்னியில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் ஒரு வான் ஆட்கள் போவார்கள். அம்மா, அப்பா, அம்மம்மா, மாமா, நான், அவன். பலாலி பக்கத்தில்தானே என்று கேட்பீர்கள். 2019 ஒக்டோபரில் அதைச் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தார்கள், உண்மைதான். சென்னைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. கனடாவுக்கு என்றால் எங்களுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டுநாயக்க விமானநிலையம்தான். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று போய்ச் சேர ஏழு மணித்தியாலத்துக்கு மேல். அம்மம்மாவின் முழங்காலுக்காக நாலு இடத்தில் நிறுத்தியதும் அதற்குள் அடக்கம்.

வழமையாக எங்கள் ஆட்கள் பின்னேரம் வெளிக்கிட்டு, ஏர்போட் பார்க்கிங்கில் வானுக்குள்ளேயே குந்தியிருந்து, பிள்ளையை அனுப்பிவிட்டு அதே இரவில் திரும்புவார்கள். சாரதி நித்திரை தூங்கினால் எல்லோருக்கும் ஆபத்து. அதனால் இந்த முறை சீதுவப் பக்கம் ஓர் அப்பார்ட்மென்ட் ஹோட்டல் எடுத்தோம். இரண்டு படுக்கையறை, ஒரு ஹோல், குசினி, உடுப்புத் தோய்க்கிற மெஷின். சாதாரண ஹோட்டல் என்றால் எங்களுக்கு மூன்று அறை வேண்டும், சமைக்கவும் முடியாது.

திகதியை வடிவாகக் கவனியுங்கள். டிக்கெட்டில் 13ஆம் திகதி விடியப்புறம் 3.30 என்று இருந்தால், அறை எடுக்க வேண்டியது 12ஆம் திகதிக்கு. நான் முதலில் 13 என்று போட்டுவிட்டுப் பிறகு மாற்றினேன். 12ஆம் திகதி மத்தியானம் இரண்டு மணிக்குத் திறப்பு தந்தார்கள். நடுச்சாமத்தில் தம்பியைக் கொண்டுபோய் விட்டு வந்து படுத்து, அடுத்த நாள் பதினொரு மணிக்கு வெளிக்கிட்டோம். ஓர் இரவுக் காசுதான். இணையத்தில் டொலரில் விலை போட்டிருந்தால் ஒருக்கால் கோல் எடுத்து, உள்ளூர் ஆட்களுக்கு என்ன விலை என்று கேளுங்கள். எங்களுக்குக் குறைத்தார்கள்.

வரவேற்பு மேசையில் அம்மா யாரும் கேட்க முதலே அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். பழைய லொட்ஜ் பழக்கம். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழ் ஆட்களைப் பொலிஸார் விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே, பிறகு உயர் நீதிமன்றம் தடுத்ததே, அந்தக் காலத்துப் பயம். மேசையில் இருந்த பொடியன் என்னுடைய அட்டையை மட்டும் படம் எடுத்துவிட்டு, "அம்மா, தேத்தண்ணி?" என்று தமிழில் கேட்டான். அம்மா அதற்குப் பிறகும் அட்டையை உள்ளே வைக்கவில்லை.

சரி, பானைக்கு வருகிறேன். அங்கே கேஸ் அடுப்பு இல்லை, இண்டக்‌ஷன் அடுப்பு. அம்மா தண்ணீர் விட்டுப் பானையை வைத்தார், நான் பொத்தானை அழுத்தினேன். பீப், பீப், பிறகு நின்றுவிட்டது. அப்பா பிளக்கைக் கழற்றிப் போட்டார், மாமா அடுப்பைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் அந்தப் பொடியன் வந்து விளங்கப்படுத்தினான். இந்த அடுப்பு தானாகச் சூடாகாது, காந்தப்புலத்தால் பானையின் அடியைத்தான் சூடாக்கும். காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். அலுமினியமும் மண்சட்டியும் சரிவராது.

அவன் கொண்டுவந்த பானை கொதித்தது. ஆனால் வாய் அகலம், புட்டு அவிக்கிற ஓலைக்கூடை, அதுதான் நீத்துப்பெட்டி, உள்ளே இறங்கிவிடும் போல இருந்தது. அம்மா அப்பாவின் துவாயை நனைத்து, நீத்துப்பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, வாயில் வைத்து அமத்தினார். ஆவி ஒரு பக்கத்தாலும் போகவில்லை. ஒன்பதரைக்குப் புட்டும் கட்டைச்சம்பலும். கருவாடும் கொண்டுபோனோம், பொரிக்கவில்லை. ஜன்னல் திறக்காத குசினியில் அது நியாயமில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் அறைத் திறப்பு அட்டையைச் செருகினால்தான் கரண்ட். நாங்கள் கடைக்குப் போய் வர ஃபிரிட்ஜும் நின்றுபோய், அம்மம்மாவின் பால் புளித்துவிட்டது. ஃபிரிட்ஜுக்கு ஒரு தனி வயர் இழுக்காத முதலாளியில் எனக்கு இன்னும் கோபம். நீங்கள் போனால் இரண்டு அட்டை கேட்டு, ஒன்றை உள்ளே விட்டுவிட்டுப் போங்கள்.

இரவு ஹோல் முழுக்கப் பெட்டியைப் பரப்பினோம். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. கைத்தராசில் தூக்கினால் 25 காட்டுகிறது. தம்பி பனங்கட்டியையும் புழுக்கொடியலையும் வெளியே எடுத்தான். அவன் குளிக்கப் போன நேரம் அம்மா மோர்மிளகாய்ப் பையை ஜீன்ஸ் காலுக்குள் திணித்தார். நான் கமராவை நிறுத்திவிட்டேன், அதனால் ஆதாரம் இல்லை.

அவனை விட்டு வந்த பிறகு நாங்கள் படுத்துவிட்டோம். அம்மா மட்டும் பல்கனியில். மூன்றரைக்குப் பிறகு ஒவ்வொரு விமானமாக மேலே போகப் போக, "இதுவோ அவன்ர?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலாவதற்கு நான் போனைப் பார்க்காமலே ஓம் என்றேன்.

அந்தா, அம்மா கூப்பிடுகிறார். பானை வேணுமாம், இரவுக்குப் புட்டு. காந்தத்தையும் ஃபிரிட்ஜில் திருப்பி ஒட்ட வேண்டும். வாறன் உறவுகளே.