சிங்மிங்: சீனக் குடும்பங்கள் முன்னோரிடம் செல்லும் நாள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். சீனர்களின் பண்டிகை என்றதும் சிவப்பு விளக்குகளோடு வரும் புத்தாண்டுதான் நம் நினைவுக்கு வரும். நான் இன்று பேச விரும்புவதோ, குடும்பத்தார் ஒன்றுகூடி முன்னோரின் கல்லறைக்குச் செல்லும் சிங்மிங் நாளைப் பற்றி. சீனப் பண்டிகைகளில் பெரும்பாலானவை நிலவை வைத்துக் கணிக்கப்படுபவை. சிங்மிங்கோ சூரியனை ஒட்டியது. வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள் கழிந்து ஏறத்தாழ 15 நாட்களில், ஏப்ரல் தொடக்கத்தில் அது வந்துவிடும்.

அன்று காலையில் அரிவாளும் துடைப்பமுமாக மலைச்சரிவில் ஏறுபவர்கள், ஓராண்டில் மண்டிய புல்லை அறுத்து, மழையில் கரைந்த மேட்டுக்குப் புதுமண் இட்டு, கல்லில் மங்கிய எழுத்துகளுக்கு மீண்டும் வண்ணம் தீட்டுகிறார்கள். அதன் பிறகே ஊதுவத்தியும் பழமும் இறைச்சியும் மதுவும் படைத்து, முன்னோருக்கென்று செய்த போலிக் காகிதப் பணத்தை எரித்து வணங்குகிறார்கள். என்னைக் கேட்டால், இந்நாளின் உயிர் படையலைவிடப் புல் அறுப்பதில்தான் இருக்கிறது; கொள்ளுத்தாத்தாவைக் கண்டிராத பிள்ளைக்கு, அவர் பெயரைத் துடைத்து வாசிக்கும்போதுதான் அவர் உறவினராகிறார். தென்சீனாவின் குவாங்டொங் பகுதியில் முழுப் பன்றியை வாட்டிப் படைத்து, பிறகு குடும்பங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள்.

இங்கே ஒரு கதையைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல இயலாது. பண்டைச் சீனாவில் இருந்த ஜின் நாட்டின் இளவரசர் சோங்அர் 19 ஆண்டுகள் நாடிழந்து அலைந்தபோது, பசியால் வாடிய அவருக்குத் தம் தொடைச் சதையையே அறுத்துச் சமைத்துக் கொடுத்தவர் ஜியே ட்ஸிதுய் என்பது மரபு. இளவரசர் அரசரானார், துணைநின்ற பலருக்கும் பரிசளித்தார், இவரை மட்டும் மறந்தார். ஜியே எதையும் கேட்கவில்லை. தாயை அழைத்துக்கொண்டு மியன் மலைக்குப் போய்விட்டார். பின்னர் உணர்ந்து தேடிவந்த அரசர், அவரை வெளியே வரவைக்கக் காட்டுக்குத் தீ மூட்டச் செய்தார். அவர் வரவில்லை, தாயும் மகனும் அத்தீயிலேயே மாண்டார்கள். மனம் உடைந்த அரசர், அந்நாளில் எவரும் அடுப்பு மூட்டக் கூடாதென்று ஆணையிட்டாராம். ஆம், நேயர்களே, எந்த வீட்டிலும் அடுப்பு எரியாத நாள். முன்னரே சமைத்ததை ஆறிய நிலையில் உண்ணும் நாள். அந்தக் குளிருணவு நாளில் கல்லறைக்குச் செல்லும் வழக்கத்தைத் தாங் அரச மரபின் பேரரசர் சுவான்சோங் 732இல் ஆணையாகவே ஏற்றார். காலப்போக்கில் அது அடுத்து வரும் சிங்மிங்கோடு கலந்துவிட்டது. யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதிகளில் மாசிப்பத்திரி வகைக் கீரையின் சாற்றைப் பசையரிசி மாவில் பிசைந்து, இனிப்புப் பயறு விழுதை உள்ளே வைத்து அவித்தெடுக்கும் பச்சை உருண்டைகளை இன்றும் ஆறவைத்தே உண்கிறார்கள்.

நேரம் நெருங்கிவிட்டதால், பட்டம் விடும் வழக்கத்தை விரிவாகச் சொல்ல இயலவில்லை. சீனாவில் 2008 முதல் சிங்மிங் பொது விடுமுறை. நகரங்களில் தீ அச்சத்தால் காகிதப் பணம் எரிப்பதற்குப் பதிலாக மலர் வைக்கும்படி அரசு ஊக்குவிக்கிறது. மலேசியாவின் பினாங்குச் சீனர்கள் இதையே செங் பெங் என்கிறார்கள். முன்னும் பின்னும் பத்து நாட்களுக்குள் வசதியான ஒரு நாளில் குடும்பமாகச் சென்று வருகிறார்கள். வணக்கம்.