வேலைக்கு வந்த ஊரில் அரை நாள்

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற தம்பிகளா, முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள், நான் சீக்கிரம் முடிக்கிற ஆள் இல்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு பயணமும் தொண்டும். அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். வேலைக்காக ஊர் ஊராகப் போகிறோமே, நம்மைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அப்படி வருகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. பேங்க் ஆடிட்டுக்கு வருகிறார்கள், கமுதி சோலார் பிளான்ட்டுக்கு வருகிறார்கள், மருந்து கம்பெனி ரெப், செல்போன் டவர் பார்க்கிறவர், ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் ஐஸ் பிளான்ட் கம்ப்ரசர் கழற்றி மாட்டுகிறவர். நான் மதுரையிலிருந்து இன்வெர்ட்டர், யூ.பி.எஸ். சர்வீஸுக்கு வருகிறவன். நம் எல்லோருக்கும் ஒரு விஷயம் பொது. வேலை மூன்று மணிக்கு முடிந்துவிடும், ரயில் ராத்திரிக்குத்தான். நடுவில் இருக்கிற நேரம் லாட்ஜ் ரூமில் ஃபேனுக்குக் கீழே படுத்து போனைத் தள்ளிக்கொண்டே போய்விடும். அந்த அரை நாளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் ஊரைப் பாருங்கள். இது எனக்கு ரொம்ப முக்கியம். ஊரையே பார்க்காமல் ஊருக்கு நல்லது செய்ய முடியாது. ராமேஸ்வரம் என்றால் இருபத்திரண்டு தீர்த்தம், தனுஷ்கோடியில் ஒரு செல்ஃபி, பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், அவ்வளவோடு திரும்பிவிடுகிறோம். அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி ரயில் பாலத்தைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது இந்தத் தீவுக்கு என்னவாக இருந்தது என்று தெரியும்? 1914இல் ரயில் பாலம் வந்தது, ரோட்டுப் பாலம் 1988இல்தான் வந்தது. நடுவில் எழுபத்து நாலு வருடம் ரயிலை விட்டால் படகுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபோது பாலத்தின் பெரும்பகுதியும் அடித்துக்கொண்டு போனது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே இல்லை. அந்த நாட்களில் மண்டபத்தில் இறங்கி மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு நின்ற வயசாளிகளைப் பார்த்தவனுக்கு, இந்த ஊரில் ஒரு பாலம் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் வடக்கே போனால் தொண்டிப் பக்கம் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஊர்க்காரர்களோடு சேர்ந்து படகு விடுகிறது. நீங்கள் கொடுக்கிற காசு அந்த ஊருக்குப் பயன்படுகிறது. தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளே நவபாஷாணம். ராமநாதபுரம் டவுனை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த நீர்நிலை அது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் சாயங்காலம் போய் நில்லுங்கள். டவுனுக்குப் பல தடவை வந்து போகிறவர்கள்கூட அந்தக் கரையை மிதித்திருக்க மாட்டார்கள்.

சரி, தொண்டுக்கு வருகிறேன்.

இந்தக் கரைக்கு இது புதுசு கிடையாது. சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரத்துக்குப் போகிற வழி நெடுக சத்திரங்கள் இருந்தன. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் கட்டினார்கள், அவர்களுக்கு வடக்கே தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றைக்கும் நிற்கிறது. ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவனுக்கு அங்கே சோறு போட்டார்கள், படிக்கிற பிள்ளைக்கும் இடம் கொடுத்தார்கள். வழியில் போகிறவனுக்கு ஊர் செய்தது அது. வழியில் போகிறவன் ஊருக்கு என்ன செய்வது என்கிற பாதியை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1897 ஜனவரி 26ஆம் தேதி இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் இறங்கினார் விவேகானந்தர், பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். அடுத்த நாள் ராமேஸ்வரம் கோயிலில் பேசினார். இத்தனை பெரிய கோயிலில் நின்றுகொண்டு அவர் பேசியது எதைப் பற்றி? ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைப் பார்க்கிறவன்தான் உண்மையில் சிவனைக் கும்பிடுகிறான் என்று பேசினார். தரிசனத்துக்கு வந்த இடத்தில் சேவையைப் பற்றிப் பேசிய பேச்சு அது. குந்துகால் பக்கம் போனால் அவர் இறங்கியதை நினைத்துக் கட்டிய மண்டபம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். வேலைக்காக வருகிறவன்தான் தொண்டுக்குச் சரியான ஆள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் சொல்கிறேன் என்றால், அவன் திரும்பி வருவான். தொண்டு செய்ய வேண்டும் என்று பஸ் பிடித்து ஒரு நாள் வந்து, கடற்கரையில் குப்பை பொறுக்கி, பேனர் பிடித்துப் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, கடற்கரை அன்றைக்குச் சுத்தமாகத்தான் ஆகிறது. ஆனால் அவர்கள் மறுபடி வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. நமக்கு இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தே ஆக வேண்டும். டிக்கெட் காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, தங்க இடமும் இருக்கிறது. அடுத்த மாதம் வரும்போது கொண்டு வருகிறேன் அக்கா என்று சொன்னால், கொண்டு வர முடியும். ஒரு ஊருக்கு வெளியாள் கொடுக்கக்கூடியதில் இதைவிடப் பெரியது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் ஒரு தொழில் தெரிந்துகொண்டு வருகிறோம். அந்தத் தொழில்தான் கொடுக்க வேண்டிய பொருள்.

என் தொழிலையே சொல்கிறேன். கடலோரத்துப் பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், சின்னச் சின்ன சங்க அலுவலகங்கள், இங்கேயெல்லாம் யாரோ நல்ல மனசோடு ஒரு இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு வருடத்தில் அது மூலையில் கிடக்கும், மேலே பழைய பேப்பர் அடுக்கியிருக்கும். செத்துப் போச்சு சார் என்பார்கள். மூடியைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். ஆசிட் ஆவியும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. கரண்ட் போக வேண்டிய இடத்தை அந்தப் பொடி அடைத்துக்கொள்கிறது. கையில் கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் கட்டாயம். இன்வெர்ட்டரை அணைத்து, நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு விட்டுவிடும். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போய்விடக்கூடாது, அதற்காக மூடிகளை இறுக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். துடைத்துக் காயவிட்டு, ஒயரை மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின். அப்புறம் உள்ளே டிஸ்டில்ட் வாட்டர். இந்த மாவட்டத்தில் பல இடத்தில் போர் தண்ணீரே உப்பு, அதை ஊற்றித்தான் பாதி பேட்டரி போகிறது. எல்லா பேட்டரியும் எழுந்துவிடாது, தட்டு உதிர்ந்தது உதிர்ந்ததுதான். ஆனால் எழுந்துகொள்கிறதும் உண்டு, அப்போது ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் பிள்ளைகள் போடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவன் அடுத்த தடவை பையில் டிஸ்டில்ட் வாட்டர் கேன் இல்லாமல் வர மாட்டான். கிளம்புவதற்கு முன்னால் அங்கேயே இருக்கிற ஒருவருக்கு, ஆயாம்மாவோ வாட்ச்மேனோ யாரானாலும் சரி, தண்ணீர் மட்டம் பார்ப்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆடிட்டர் என்றால் சங்கத்தின் கணக்கு நோட்டைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். பேங்க்காரர் என்றால் இன்னும் நல்லது. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கிற அக்காக்களை நீங்கள் கரையிலிருந்து பார்த்திருக்கலாம். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி இடுப்புப் பையில் போடுகிற வேலை. ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகர் எடுக்கிறார்களே, அது இந்தப் பாசியிலிருந்தும் வருகிறது. அவர்களிடம் போய்ச் சேலை கொடுக்கிறேன், அரிசி கொடுக்கிறேன் என்று நிற்காதீர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் பாஸ்புக்கை எடுத்து நீட்டுவார்கள். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இனிஷியல் மாறி இன்னொரு பெயர், அதனால் வர வேண்டிய நிவாரணப் பணம் எங்கேயோ நிற்கும். வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள்தான் கவுன்ட்டரில் போய் நிற்பார்கள்? எந்தப் படிவம், எந்தக் கையெழுத்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எனக்கு இந்த இடத்தில் கோபமே வரும், நாம் கொடுக்க ஆசைப்படுவதை எல்லாம் கொடுத்துவிட்டு, அவர்கள் கேட்பதைக் கடைசி வரை கேட்காமலே போய்விடுகிறோம்.

கேட்க வேண்டிய நேரமும் இருக்கிறது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், அண்ணன்மார்கள் படகைப் பழுது பார்த்துக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் இருப்பார்கள். உட்கார்ந்து பேச அதுதான் நேரம். இன்ஜின் தெரிந்தவர்கள், வெல்டிங் தெரிந்தவர்கள், இன்ஷூரன்ஸ் தெரிந்தவர்கள் அப்போது வாருங்கள். ஜனவரி வாக்கில் வந்தால் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வனத்துறை தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. தை மாசி பங்குனியில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், வனத்துறை ஆட்கள் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள், ஏழு எட்டு வாரத்தில் குஞ்சு வரும். ரேஞ்ச் ஆபீசில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். போன் லைட்டை அடிக்காதீர்கள், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்கின்றன.

தொழில் எதுவும் தெரியாது என்று யாராவது சொன்னால், ரத்தம் இருக்கிறது அல்லவா? ராமநாதபுரம் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போங்கள், 45 கிலோ எடையும் நல்ல உடம்பும் இருந்தால் 350 மில்லி எடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. கொடுத்துவிட்டு உடனே பைக்கை எடுக்காதீர்கள், இங்கே வெயில் கடுமை.

ஒரே ஒரு இடத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏர்வாடி, மனநோய் குணமாக வேண்டி ஆட்கள் வருகிற தர்கா இருக்கிற ஊர். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் செத்தார்கள், மொத்தம் 28 பேர். அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, நிறைய மாறியது. இன்றைக்கு தர்காவில் துவா என்கிற பிரார்த்தனையோடு அரசு டாக்டர்கள் மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. அங்கே நோயாளிகளோடு வந்து தங்கியிருக்கிற குடும்பங்களைப் பார்க்கப் போகிறேன் என்று சுற்றுலா மாதிரி போகாதீர்கள், போனைத் தூக்காதீர்கள். தர்காவுக்குப் போங்கள், ஜியாரத் செய்து தரிசித்துவிட்டு வாருங்கள். மனநல வேலை தெரிந்தவர்கள், மாவட்ட மனநலத் திட்டத்துக்காரர்களிடம் பேசி, அவர்கள் சொல்கிற வேலையைச் செய்யுங்கள். மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதே அங்கே செய்கிற உபகாரம்.

ஆபீஸ் விஷயம் ஒன்று. மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கம்பெனி நேரத்தில் கை வைக்காதீர்கள், பயணப் பில்லில் தொண்டுக்குப் போன ஆட்டோ காசைச் சேர்க்காதீர்கள். சிலர் இதைச் சின்ன விஷயம் என்பார்கள், எனக்கு அப்படி இல்லை.

வாசலில் மேஜை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், தெரிந்த தொழில், அடுத்து எந்த மாதம் இந்தப் பக்கம் வருவீர்கள், மூன்றையும் எழுதுங்கள். ஊர்க்காரர்கள் பக்கத்திலிருக்கிற இன்னொரு நோட்டில் உங்களுக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று எழுதுங்கள், எழுத வராதவர்கள் சொன்னால் தம்பிகள் எழுதிக்கொள்வார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம், அதற்கு நாலு பேர் வேண்டும், அவசரம் இல்லாதவர்கள் இருந்துவிட்டுப் போங்கள். பேட்டரி வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என்னை வந்து பாருங்கள், தொண்டிப் பக்கம் என்னால் அடிக்கடி போக முடிவதில்லை.