குதிரையின் காது எந்தப் பக்கம்?

வணக்கம். இந்தத் தூறலிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். தலைப்பைப் பார்த்துவிட்டு ரேஸ் குதிரை பற்றி ஏதோ துப்புக் கிடைக்கும் என்று யாராவது வந்திருந்தால் இப்போதே எழுந்துகொள்ளலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

சின்ன வயதில் எங்கள் தெருமுனையில் ஒரு ஜட்கா வண்டிக்காரர் இருந்தார். சவாரி இல்லாத மத்தியான நேரத்தில் குதிரையை வேப்பமரத்தடியில் அவிழ்த்துக் கட்டிவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்பார். நாங்கள் நாலைந்து பையன்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குதிரைக்கு ஊட்டுவோம். ‘என்கிட்ட எவ்வளவு பிரியமா இருக்கு பாருங்க’ என்று ஒருநாள் நான் பெருமையடித்துக்கொண்டேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. ‘காதைப் பாரு தம்பி. வாய் உன் புல்லுல இருக்கு, காது எங்க இருக்கு?’ என்றார். பார்த்தேன். இரண்டு காதும் பின்னால் திரும்பித் திண்ணைப் பக்கம் இருந்தன.

குதிரைக்குக் கண்கள் முகத்தின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதனால் அது எதைப் பார்க்கிறது என்று நமக்கு லேசில் தெரியாது. காது அப்படியில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக அரைவட்டம் திரும்பும். கவனம் எங்கேயோ காது அங்கே. அந்த வண்டிக்காரர் சொன்னதை வைத்துக்கொண்டுதான், எழுபது வருஷத்துக்கு முந்தைய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நான் உட்கார்ந்து பார்த்தேன்.

தொடரின் பெயர் ‘ஃப்யூரி’. சீற்றம் என்று பொருள். குதிரையின் பெயரும் அதுதான். 1955 அக்டோபரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. சனிக்கிழமை காலை, அரை மணி நேரம், கறுப்பு வெள்ளை. 1960 மார்ச் வரை ஐந்து பருவங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள். முடிந்த பிறகும் விடவில்லை, பழைய பகுதிகளையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். உள்ளூர் நிலையங்களுக்கு ‘பிரேவ் ஸ்டாலியன்’ என்று வேறு பெயர் வைத்தும் விற்றார்கள். தொடங்கிய சமயத்தில்தான் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேர்ந்திருந்தது. சனிக்கிழமை காலையில் அப்பா அம்மா தூங்கிக்கொண்டிருக்க, பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பார்த்த தொடர் இது.

கதை சுருக்கமானது. ஜோயி ஓர் அனாதைப் பையன். ஊரில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைகிறது, பழி இவன்மேல் விழுகிறது. இவன் உடைக்கவில்லை என்பது ஜிம் நியூட்டன் என்ற பண்ணைக்காரருக்குத் தெரியும். நீதிபதிக்கு முன்னால் போய் உண்மையைச் சொல்கிறார், அதோடு பையனைத் தன் பண்ணைக்கே அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் மனைவியும் மகனும் கார் விபத்தில் இறந்துபோனவர்கள். கௌபாய் கதையில் காரா என்று கேட்பீர்கள். ஆமாம், இது துப்பாக்கியும் செவ்விந்தியர்களுமாகப் போகிற பழைய காலத்துக் கதை இல்லை. அந்த 1950-களிலேயே நடப்பது. தொலைபேசி உண்டு, பிக்கப் வண்டி உண்டு, ஜோயி பள்ளிக்கூடம் போகிறான். ஜிம்முக்குக் காட்டுக் குதிரைகளைப் பிடித்துப் பழக்கி விற்பது தொழில். பண்ணைக்கு ‘புரோக்கன் வீல்’ என்று பெயர், உடைந்த சக்கரம். பெயர் வைத்தவருக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.

பண்ணையில் பீட் என்று ஒரு கிழவரும் இருக்கிறார். பழம்பெருமை பேசாமல் அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்காது. மாட்டுக்குச் சூடு போடும் கோலைக் கடித்துத்தான் தனக்குப் பல்லே முளைத்தது என்பார். ஆக, பெண்கள் இல்லாத ஒரு வீடு, ரத்த உறவில்லாத மூன்று ஆண்கள், ஒரே சாப்பாட்டு மேசை. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சிக் குடும்பம் என்றால் கழுத்துப்பட்டை கட்டிய அப்பா, ஏப்ரன் கட்டிய அம்மா, வாயாடிப் பிள்ளைகள் இரண்டு. அதற்குப் பக்கத்தில் இந்த வீட்டை வைத்துப் பாருங்கள். குதிரை ஓடுகிற காட்சிகளைவிட, ராத்திரி விளக்கொளியில் இந்த மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிற காட்சிகள்தான் எனக்குப் பிடிக்கும். கதாசிரியர்கள் அங்கேதான் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கிறார்கள். மற்றதில் பாதி, நெருப்போடு விளையாடாதே, பெரியவர்கள் பேச்சைக் கேள் என்கிற ரகம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் போடும்போது கொஞ்சம் விளக்கெண்ணெயும் கலந்துதானே கொடுப்பார்கள்.

சரி, குதிரைக்கு வருவோம். ஃப்யூரி யாரையும் ஏறவிடாது, ஜோயியைத் தவிர. அவன் சொன்னால் இன்னொருவர் ஏறலாம், அவ்வளவுதான். தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. டில்லி பாதுஷாவின் அடங்காத பாராசாரிக் குதிரை எத்தனையோ வீரர்களை மண்ணில் தள்ளிவிட்டு, சின்னப்பிள்ளை தேசிங்குக்குத்தானே பணிந்தது. ஆனால் அங்கே குதிரையோடு புகழும் பட்டமும் வருகிறது. ஜோயிக்கு வருவது சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி. எதுவுமே தன்னுடையது என்று இல்லாத பையன், ஊரில் யாராலும் முடியாததைச் செய்கிறான். பார்க்கிற பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது அந்தக் கறுப்புக் குதிரையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கதைப்படி அது காட்டில் திரிந்த மஸ்டாங். ஸ்பானியர்கள் கொண்டுவந்து, தப்பிப் போய், பல தலைமுறையாகக் காட்டிலேயே பெருகிய குதிரைகளின் வழிவந்தது மஸ்டாங். குட்டையாக, கட்டுமஸ்தாக, பிடரி சிக்குப் பிடித்து இருக்கும். திரையில் வருவதோ கழுத்தை வில்லாக வளைத்து, தலையை மேலே தூக்கி, கல்யாண ஊர்வலத்தில் வருவதுபோல வருகிறது. அது அமெரிக்கன் சாடில்பிரெட் என்ற இனம். கென்டக்கிப் பக்கத்துச் சீமான்கள் குலுங்காமல் சவாரி போகவும், கண்காட்சியில் அழகு காட்டவும் வளர்த்தெடுத்தது. கோயில் காளையைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டெருமை என்று சொல்வதுபோலத்தான். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அவ்வளவு அழகு.

குதிரையின் நிஜப் பெயர் ஹைலேண்ட் டேல். மிசௌரி மாநிலத்துப் பண்ணை ஒன்றில் பிறந்தது. ஒன்றரை வயதுக் குட்டியாக இருந்தபோது ரால்ஃப் மெக்கட்சியன் என்ற பயிற்சியாளர் அதை வாங்கினார். செல்லமாக பியூட் என்று கூப்பிடுவார். 1946-இல் ‘பிளாக் பியூட்டி’ படத்தில் நடித்தது. 1954-இல் ‘ஜிப்சி கோல்ட்’ படத்தில், விற்கப்பட்ட பிறகும் நூற்றுக்கணக்கான மைல் நடந்து பழைய வீட்டுக்கே திரும்புகிற குதிரையாக நடித்து, விலங்கு நடிகர்களுக்கான பாட்சி விருது வாங்கியது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1956-இல் ‘ஜெயன்ட்’ படம் வெளிவந்தது. அதில் நடிகை மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் ஒரு குதிரையைக் குதிமுள்ளால் குத்திக் குத்தி ஓட்ட, அது அவரைத் தூக்கியெறிகிறது, அவர் இறந்துபோகிறார். அந்தக் குதிரையும் இதேதான். சனிக்கிழமை காலை வீட்டில் உயிர்த்தோழன், சாயந்திரம் கொட்டகையில் எமன்.

ஒரே குதிரையால் இரண்டும் எப்படி முடிந்தது? இதற்குத்தான் காதைப் பார்க்கச் சொன்னேன். குதிரை கோபப்பட்டால் காதை மடக்கிப் பிடரியோடு ஒட்டவைத்துக்கொள்ளும். ஆர்வம் என்றால் இரண்டையும் நிமிர்த்தி முன்னால் நீட்டும். பழக்கிய குதிரை இந்த இரண்டையும் சைகைக்குச் செய்யும். இந்தத் தொழிலில் பயிற்சியாளர் கையில் ஒரு சவுக்கோ நீளக் கம்போ இருக்கும். அடிப்பதற்கில்லை, காட்டுவதற்கு. கம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் வா, உயர்ந்தால் பின்னால் போ, இன்னொரு விதமாக அசைந்தால் முன்னங்காலைத் தூக்கி நில். நடிகர்கள் வசனம் பேசி ஒலிப்பதிவாகிற நேரத்தில் பயிற்சியாளர் வாய் திறக்க முடியாது, எல்லாம் கையால்தான். ஜோயி கண்ணீரோடு ‘ஃப்யூரி, வா’ என்று கூப்பிடுகிறான், குதிரை ஓடி வருகிறது. அது அவனுக்காக வரவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் ஒருவர் கை காட்டியிருக்கிறார். அடுத்த தடவை பார்க்கும்போது கவனியுங்கள், வந்து நின்ற குதிரை பையனின் தோளில் முகத்தை வைக்கும், காது மட்டும் நம் பக்கம், அதாவது கேமராப் பக்கம் இருக்கும்.

இதைச் சொல்வது மாயத்தைக் கலைப்பதற்காக இல்லை. ஹாலிவுட்டில் குதிரைகள் எப்படி நடத்தப்பட்டன என்று தெரிந்தால் இந்தக் கைச்சைகையின் மதிப்புப் புரியும். 1930-களில் சண்டைக் காட்சியில் குதிரை விழ வேண்டும் என்றால், முன்னங்கால்களில் கம்பி கட்டி, மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் பிணைத்துவிடுவார்கள். குதிரை முழு வேகத்தில் ஓடும், கம்பியின் நீளம் முடிந்ததும் காலை வாரும். அந்தக் கம்பிக்கு ‘ரன்னிங் டபிள்யூ’ என்று பெயரே உண்டு. 1936-இல் வந்த ‘தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ படத்தில் இப்படிக் குதிரைகள் செத்தன. 1939-இல் ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காக ஒரு குதிரையை உயரமான பாறையிலிருந்து தண்ணீரில் விழவைத்தார்கள். அது செத்ததும் பெரிய கூச்சல் கிளம்பியது. அதன் பிறகுதான் அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன் என்ற விலங்கு நல அமைப்பு ஹாலிவுட்டிலேயே அலுவலகம் போட்டுப் படப்பிடிப்புகளைக் கண்காணிக்க ஆரம்பித்தது. பாட்சி விருதும் அவர்கள் 1951 முதல் கொடுத்ததுதான். கம்பி போய்க் கம்பு வந்த அந்தக் காலத்துக் குதிரை இந்த ஹைலேண்ட் டேல். மெக்கட்சியன் போன்றவர்களுக்கு மவுசு வந்ததும் அதனால்தான்.

மனிதர்களைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. ஜிம்மாக நடித்தவர் பீட்டர் கிரேவ்ஸ். பின்னால் ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரில் ரகசியக் குழுவின் தலைவராக உலகம் முழுக்கத் தெரிந்தார். அவருடைய அண்ணன் ஜேம்ஸ் ஆர்னஸ். அதே 1955 செப்டம்பரில் இன்னொரு நிலையத்தில் ‘கன்ஸ்மோக்’ என்ற பெரியவர்களுக்கான கௌபாய் தொடரில் மார்ஷலாக, அதாவது ஊர்க் காவல் அதிகாரியாக வந்து, இருபது வருஷம் அதிலேயே இருந்துவிட்டார். ஒரு மாத இடைவெளியில் அண்ணன் ராத்திரிக்கு, தம்பி காலைக்கு. அவர்கள் அம்மா எதைப் பார்த்திருப்பாரோ!

பையன்-குதிரைத் தொடர் இது ஒன்றுதானா என்றால் இல்லை. பாடும் கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரியின் கம்பெனி ‘சாம்பியன்’ என்று ஒன்று எடுத்தது, இருபத்தாறு பகுதிகளோடு நின்றது. 1956-இல் ‘மை ஃப்ரெண்ட் ஃப்ளிக்கா’ வந்தது. மேரி ஓஹாராவின் 1941 நாவலை வைத்து வண்ணத்தில் எடுத்தது. பார்க்க அழகு, குதிரையும் அழகு. ஆனால் அந்தப் பையனுக்கு அப்பா அம்மா இருவரும் இருக்கிறார்கள், வீடு இருக்கிறது. அவனுக்குக் குதிரை ஓர் ஆசை. ஜோயிக்கு அப்படியில்லை. ஃப்ளிக்கா ஒரே பருவத்தில் முடிந்ததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குப் படுவது இதுதான். ஜெர்மனியில் 1958-க்குப் பிறகு ‘ஃப்யூரி’யைப் போட்டபோது அங்கேயும் பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள். போர் முடிந்து பதின்மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா இல்லாத வீடுகள் நிறைய இருந்த நாடு.

ஜோயியாக நடித்த பாபி டயமண்டுக்குத் தொடர் தொடங்கியபோது பன்னிரண்டு வயது. முடிந்தபோது அரும்பு மீசைப் பருவம். பெரியவனாகிக் கொஞ்ச காலம் நடித்துப் பார்த்துவிட்டு, சட்டம் படித்து வழக்கறிஞரானார். 2019-இல் காலமானார். படமெடுத்த இடம் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஐவர்சன் பண்ணை, பாறை பாறையாக இருக்கும். எத்தனையோ கௌபாய் படங்களில் அந்தப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். 1960-களில் பண்ணைக்கு நடுவே நெடுஞ்சாலை போட்டார்கள். குதிரைச் சத்தம் போய் லாரிச் சத்தம் வந்தது.

ஒரு பகுதியை இப்போது உங்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன், அதற்கு முன் கடைசியாக ஒன்று. காது எப்போதும் கேமராப் பக்கம் என்று சொன்னேன், அது முழுக்கச் சரியில்லை. முதல் பருவத்தில் அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் ஐந்து வருஷம் அந்தப் பையனும் குதிரையும் ஒரே வெயிலில், ஒரே புழுதியில் வேலை பார்த்திருக்கிறார்கள். பின்னால் வந்த பகுதி ஒன்றைப் பார்க்கும்போது, ஜோயி கொட்டிலில் உட்கார்ந்து குதிரையிடம் மெல்ல ஏதோ சொல்கிற இடத்தில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு காது வழக்கம்போல நம் பக்கம், பயிற்சியாளர் நிற்கிற பக்கம். இன்னொன்று பையன் பக்கம் திரும்பியிருந்தது.

அதைத்தான் போடப் போகிறேன். தம்பி, அந்தப் பின்பக்க விளக்கை அணைத்துவிடுங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியும். கொட்டில் காட்சி வந்ததும் சொல்கிறேன், இடது காதைப் பாருங்கள்.