மாங்குளம் சந்தியில் ஏ.ஐ. வாகனங்கள் மறைவது ஏன்? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஓம்சி 2 என்கிற பஸ் ஓட்டும் கணினி விளையாட்டைப் பற்றியது. அதில் விளையாட்டே தானாக ஓட்டுகிற வாகனங்களைத்தான் ஏ.ஐ. வாகனங்கள் என்கிறோம். கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, ஓம்சி 2 இல் வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும் ஏ9 வீதியை மேப்பாகச் செய்கிறேன். மாங்குளம் சந்தியில் சில ஏ.ஐ. வாகனங்கள் மறைந்துவிடுகின்றன, சில எதிர்ப்பக்கமாக வருகின்றன. எடிட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?"

நல்ல கேள்வி தம்பி. முதலில், வீதியின் தோற்றத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். வாகனம் ஓடுவது தாரில் இல்லை, அதன்மேல் போட்டிருக்கிற பாதைக் கோட்டில். கோடு அறுந்தால் வாகனமும் அங்கேயே காணாமல் போகும். மேப்பின் ஓரத்தில் மறைந்தால் பரவாயில்லை. சந்தி நடுவில் மறைந்தால் இரண்டு கோடுகளின் நுனி சேரவில்லை. மேலேயிருந்து பார்க்கும்போது சேர்ந்ததுபோலத்தான் தெரியும். கமராவை நிலமட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள், ஒரு நுனி கொஞ்சம் உயர்ந்து நிற்கலாம்.

சரி, எதிர்ப்பக்கமாக வருவது ஏன்? ஓம்சியோடு வருகிற மேப் பெர்லினின் ஸ்பாண்டாவ் பகுதி. அங்கே வலப்பக்கம் ஓடுவார்கள், நாங்கள் இடப்பக்கம். அங்குள்ள ஒரு சந்தியை எடுத்து இங்கே வைத்தால், பாதைக் கோடுகளில் ஓடும் திசையைக் காட்டுகிற எல்லா அம்புக்குறிகளையும் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் திருப்பினால் வாகனங்கள் தாமாகவே இடப்பக்கம் வந்துவிடும். ஒன்றே ஒன்றை மறந்தாலும் நேருக்கு நேர்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: அம்புக்குறியைத் திருப்பினாலும் வீதியில் வரைந்த நிறுத்தக் கோடு இடம் மாறாது. முன்பு வாகனம் சந்திக்குள் நுழைந்த பக்கம் இப்போது வெளியேறும் பக்கம். அதனால் கோட்டை மற்றப் பக்கத்தில் வரைய வேண்டும். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற விதிகளையும் திரும்பப் பாருங்கள். முல்லைத்தீவு வீதியால் வருகிறவர் ஏ9 இல் வருகிறவருக்காக நிற்க வேண்டும்.

இனிச் சோதனை. முழு மேப்பையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். மேப் ஃபோல்டரைப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியில் சந்தியையும், நான்கு பக்கமும் கொஞ்ச வீதியையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழியுங்கள். கார், லொறி போன்ற, நேர அட்டவணை இல்லாத வாகனங்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைக் குருட்டுவாக்கில்தான் தெரிவுசெய்கின்றன. வீதி சின்னதாக இருந்தால் அவை திரும்பத் திரும்ப அதே சந்திக்கு வரும். நான்கு முனைச் சந்தி என்றால் ஒவ்வொரு முனையிலிருந்தும் இடம், நேர், வலம் என்று மொத்தம் 12 போக்குகள். ஒரு தாளில் 12 கோடு கீறி, கண்ணால் கண்ட போக்கை மட்டும் சரி போடுங்கள். வாகன எண்ணிக்கையை முதலில் மிகக் குறைத்து வையுங்கள். நெரிசலில் எது பிழை, எது வரிசை என்று பிரித்தறிய முடியாது. 12 உம் சரி என்றான பிறகு கூட்டுங்கள், வழிவிடுகிற விதி அப்போதுதான் சோதனைக்கு வரும்.

நீங்களும் சந்தியில் நிற்க வேண்டும். ஓம்சியில் மேப் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒரு கட்டத்தின் பக்கம் 300 மீற்றர். உங்களைச் சுற்றியுள்ள கட்டங்கள்தான் திறந்திருக்கும், ஓமந்தையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு மாங்குளத்தைச் சோதிக்க முடியாது.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்த மேப்புக்கு அவசியம்: முறிகண்டி. பிள்ளையாரைக் கும்பிடாமல், கச்சான் வாங்காமல் எங்கள் பஸ் தாண்டுமா? அங்கே ஏ.ஐ. பஸ் பிரதான கோட்டிலேயே நின்றால் பின்னால் வருகிற லொறியும் காரும் அதன் பின்னாலேயே நிற்கும். கோட்டை விட்டு விலகி முந்த அவற்றுக்குத் தெரியாது. கோயில் பக்கமாகத் தனிக் கோடு ஒன்றைப் பிரித்து, மறுமுனையில் ஏ9 உடன் சேருங்கள். பஸ்ஸின் அட்டவணைப் பாதையை அந்தக் கோட்டால் விடுங்கள். சேருகிற இடத்தில் பஸ்தான் காத்திருக்க வேண்டும். அதையும் மாங்குளம் போலவே தனியாக வெட்டியெடுத்து, இரண்டு பஸ்கள் அடுத்தடுத்து வருகிற நேரத்தில் பாருங்கள். இரண்டாவது பஸ்ஸின் வால் பிரதான கோட்டில் நீட்டிக்கொண்டு நின்றால் அந்தத் தனிக் கோடு போதாது, இன்னும் நீட்டுங்கள்.